யமுனை திசை மாறிய வாரம்

மார்கழி மாதத்து வைகறையில் தில்லி வாழ் தமிழர் இல்லங்கள் பலவற்றில் திருப்பாவை ஒலிக்கும். அதன் ஐந்தாம் பாசுரத்தில் யமுனையின் பெயர் வருகிறது. நீரின் தூய்மையைப் போற்றியே ஆண்டாள் அவ்வாற்றைக் குறிப்பிடுகிறாள். வில்லிபுத்தூரில் இருந்துகொண்டு வடநாட்டு ஆற்றை மனக்கண்ணால் கண்டு பாடியவள் அவள். அவ்வாற்றின் கரையிலேயே குடியேறி, அதனைப் பாலத்தின்மேல் அடிக்கடி கடந்து செல்லும் நாம், அந்த அடி வரும்போது சற்றே தயங்குகிறோம்.

1955ஆம் ஆண்டின் மார்கழியில் அத்தயக்கத்துக்குத் தனிக் காரணம் இருந்தது. அம்மாதத்தில் தில்லி மாநகரில் ஆயிரக்கணக்கானோர் கண்ணும் மேனியும் மஞ்சள் பூத்துப் படுக்கையில் கிடந்தனர். டிசம்பர் தொடக்கத்திலிருந்து ஜனவரி மாதம் மூன்றாம் வாரத்துக்குள் ஏறத்தாழ 29,300 பேருக்குக் காமாலை கண்டதாகப் பின்னர் எடுத்த கணக்கு மதிப்பிட்டது. உலக மருத்துவ நூல்களில் இன்றும் தவறாது எடுத்துக்காட்டப்படும் நிகழ்ச்சி இது. ஆயினும் தலைநகரில் வாழ்வோருள் பெரும்பாலோர் இதனைக் கேள்வியுற்றதில்லை. அந்நாளில் கரோல்பாகிலும் கோல் மார்க்கெட்டிலும் குடியிருந்த நம் முன்னவர்களின் பிள்ளைகளில் சிலருக்கு, 'காமாலை வந்த வருஷம்' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிய ஞாபகம் மட்டும் எஞ்சியிருக்கலாம்.

இந்தக் காமாலை எங்கிருந்து வந்தது என்பதை அறிய, அக்காலத்துத் தில்லியின் குடிநீர் அமைப்பை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

1941ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் தில்லி மாநிலத்து மக்கள் 9 லட்சத்துச் சொச்சம். 1951இல் அத்தொகை 17 லட்சத்தைத் தாண்டிவிட்டது. தேசப் பிரிவினைக்குப்பின் மேற்குப் பஞ்சாபிலிருந்து அகதிகளாக வந்தவர்கள், சுதந்தர அரசின் புதிய அலுவலகங்களுக்கு நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் வந்த நம்போன்றவர்களின் முன்னோர் ஆகிய எல்லாரும் சேர்ந்து பத்தே ஆண்டுகளில் ஊரை ஏறக்குறைய இரு மடங்காக்கிவிட்டனர். இத்தனை பேரின் தாகத்தையும் தீர்த்தது, பெரும்பாலும், நகருக்கு வடக்கே வஜீராபாதில் யமுனையின் மேற்குக் கரையில் அமைந்திருந்த நீரேற்று நிலையம். அங்கே ஆற்று நீரை இறைத்துச் சந்திராவல் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்புவார்கள். அங்கே படிகாரம் சேர்த்துக் கலங்கலைத் தெளிய வைத்து, மணற்படுகைகளில் வடிகட்டி, குளோரின் கலந்து, பின்பு குழாய்களில் விடுவார்கள்.

நீர் இறைக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே, அதே மேற்குக் கரையில், நஜஃப்கர் நாலா யமுனையில் வந்து விழுகிறது. நாலா என்று இன்று நாம் முகஞ்சுளித்துச் சொல்லும் இந்நீரோட்டம் பிறப்பால் சாக்கடை அன்று. ஆரவல்லிக் குன்றுகளில் தோன்றி, ராஜஸ்தானத்தையும் ஹரியானாவையும் கடந்து, நஜஃப்கர் ஏரியில் தங்கி, மிகுதியை யமுனைக்கு அளித்த சாகிபி என்னும் ஆற்றின் கடைப்பகுதிதான் அது. ஏரி நீரை வடிப்பதற்காக ஆங்கிலேயர் காலத்தில் அதனை வெட்டி ஆழப்படுத்தினார்கள். வெட்டிய வாய்க்காலில், பெருகிவந்த நகரத்தின் மேற்குப் பகுதிகளிலிருந்து கழிவுநீர் வந்து சேர்ந்தது. ஆறு வாய்க்காலாகி, வாய்க்கால் சாக்கடையாயிற்று.

நீர் இறைக்கும் இடம் மேலே, சாக்கடை விழும் இடம் கீழே. ஆறு வடக்கிலிருந்து தெற்கே ஓடுகிறது. ஆகவே சாக்கடை நீர் நீரேற்று நிலையத்தை எக்காலத்தும் எட்டாது. அந்நாளில் தலைநகரின் நலம் முழுவதும் இந்த ஒரு நம்பிக்கையின்மேல் நின்றது. சமவெளியில் ஓடும் ஆறு மனிதர் வரைந்த படத்தின்படியே ஓடிக்கொண்டிருக்கும் என்று நம்பியதுதான் பிழை.

1955ஆம் ஆண்டு மழைக்காலத்தின் இறுதியில் யமுனையில் பெருவெள்ளம் வந்தது. வெள்ளம் வடிந்தபோது ஆற்றின் முதன்மை ஓட்டம் மேற்குக் கரையை விட்டு விலகிக் கிழக்கே ஒதுங்கிவிட்டது. வஜீராபாதில் நீரேற்று நிலையத்தின் முன் எஞ்சியது ஓட்டமற்ற, மெலிந்த நீர். பம்புகள் அதனை ஓயாது உறிஞ்சின. ஆற்றின் வேகம் தடுக்காத நிலையில், கீழே விழுந்துகொண்டிருந்த நாலாவின் நீர் இந்த உறிஞ்சும் இடத்தை நோக்கிப் பின்னோக்கி வரத் தொடங்கிற்று. நவம்பர் மாத நடுவில் ஏறத்தாழ ஒரு வாரம் தில்லி மக்கள் குடித்த நீரில் தில்லியின் சாக்கடை கலந்திருந்தது.

இந்த இடத்தில் நேயர்கள் ஓர் ஊழலையோ உறக்கத்தையோ எதிர்பார்க்கக்கூடும். நடந்தது அதுவன்று. சுத்திகரிப்பு நிலையத்தார் கெடுதலை உடனே கண்டுகொண்டார்கள். நீரின் தன்மை மாறியதைப் பார்த்துப் படிகாரத்தின் அளவைக் கூட்டினார்கள், குளோரினையும் கூட்டினார்கள். ஆற்றோட்டத்தைச் சீர்படுத்தும் வேலையும் நடந்தது. சில நாள்களில் சாக்கடை நீர் பின்வாங்கிற்று. அக்காலத்து நூல்களில் கற்பித்திருந்த கடமையை அவர்கள் செய்தார்கள் என்றே நான் கருதுகிறேன். அடுத்துவந்த நாள்களில் நகரில் காலரா பரவவில்லை. விஷ சுரமாகிய டைபாய்டும் சீதபேதியும் வழக்கத்துக்கு மேல் பெருகவில்லை. சாக்கடை கலந்த நீரைக் குடித்த ஊரில் இம்மூன்றும் தலைகாட்டவில்லை என்றால், ஆபத்து நீங்கிற்று என்று யார்தான் எண்ணமாட்டார்கள்?

ஒரு வாரம் கழிந்தது. இரண்டு வாரம் கழிந்தது. டிசம்பர் பிறந்ததும் மருத்துவமனைகளுக்குக் காமாலை நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். முதலில் சிலர், பிறகு பலர், மாதக் கடைசியில் வெள்ளமாக. பசியின்மை, குமட்டல், சுரம், பின்பு சிறுநீரும் கண்ணும் மஞ்சளாதல். நம் ஊர்ப் பக்கத்தில் காமாலை என்றால் கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்து உப்பில்லாப் பத்தியம் வைப்பார்கள். நவீன மருத்துவத்திலும் அக்காலத்தில் ஓய்வையும் நல்லுணவையும் தவிர வேறு தனி மருந்து இருக்கவில்லை. பெரும்பாலோர் சில வாரங்களில் தேறினர். ஆனால் கருவுற்ற பெண்கள் எல்லாரும் அவ்வாறு தேறவில்லை. அவர்களிடம் நோய் கடுமையாகத் தாக்கிற்று. நினைவு தப்பி இறந்தவர்களில் அவர்களின் விகிதம் மற்றவர்களைவிடப் பன்மடங்கு உயர்ந்திருந்தது. இந்தக் கொடுமையின் காரணம் அன்று எவருக்கும் விளங்கவில்லை. இன்றும் அது முழுமையாக விளங்கியதாகச் சொல்வதற்கில்லை.

நோயின் மூலத்தைத் தேடிய நிபுணர்கள் செய்த வேலை பாராட்டுக்குரியது. மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் எண்ணினால் நோயின் உண்மையான அளவு தெரியாது. ஆகையால் நகரின் வீடுகளிலிருந்து மாதிரிக்குச் சிலவற்றைப் பொறுக்கியெடுத்து, ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை பேருக்கு எப்போது நோய் கண்டது என்று விசாரித்தார்கள். டாக்டர் ஆர். விஸ்வநாதன் முதலியோர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைகள் 1957இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழின் தனி இணைப்பாகவே வெளிவந்தன. முதலில் நான் சொன்ன 29,300 என்ற தொகை அங்குக் கிடைத்ததே.

அவர்கள் கண்டவற்றுள் இரண்டு செய்திகள் கவனத்துக்குரியவை. நோய் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றிப் பரவியிருந்தால், ஒரு வீட்டில் முதலில் ஒருவர் விழ, சில வாரம் கழித்து மற்றவர்கள் விழுவார்கள். தில்லியில் அவ்வாறு நிகழ்ந்த வீடுகள் மிகச் சிலவே. ஊர் முழுவதும் ஒரே காலத்தில் ஏறி ஒரே காலத்தில் இறங்கிய நோய் அது. அனைவரும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் ஒரே மூலத்திலிருந்து அதனைப் பெற்றிருக்க வேண்டும் என்பது இதனால் தெளிவாயிற்று. நோய் உச்சத்தில் நின்ற நாள்களிலிருந்து பின்னோக்கி எண்ணினால் சுமார் நாற்பது நாள் முன்னே போக வேண்டியிருந்தது. அங்கே நின்றது நவம்பரின் அந்த ஒரு வாரம்.

இரண்டாவது செய்தி குளோரினைப் பற்றியது. பாக்டீரியா என்னும் கிருமிகளைக் குளோரின் எளிதில் கொன்றுவிடும். ஆகவேதான் காலராவும் டைபாய்டும் வரவில்லை. வைரஸ் என்னும் நுண்பொருளோ அதனைவிடத் தாக்குப்பிடிக்க வல்லது. மேலும், சாக்கடை கலந்த நீரில் உள்ள அழுக்கும் அம்மோனியாவும் குளோரினில் பெரும் பகுதியைத் தாமே விழுங்கிவிடும். அம்மோனியாவுடன் சேர்ந்த குளோரின் வீரியம் குறைந்துபோகும். கலங்கல் நீரில் மிதக்கும் துகள்களுக்குள் கிருமிகள் பதுங்கியும் கொள்ளும். ஆக, எப்போது குளோரின் மிகுதியாகத் தேவையோ அப்போதே அதன் வேலை குறைகிறது. குடிநீர் நல்லதா என்று அறிய அந்நாளில் ஆய்வுக்கூடங்கள் பாக்டீரியாக்களையே தேடின. இன்றும் பெரும்பாலும் அப்படியே. தேடிய கிருமி இல்லை என்று பரிசோதனை கூறியது உண்மை. தேடாத ஒன்று குழாய் வழியே வீடுகளுக்குச் சென்றது.

அந்தத் தேடாத பொருள் எது? தொற்றுக் காமாலை என்ற பெயரில் அன்று அறியப்பட்டிருந்ததும், பிற்காலத்தில் ஹெபடைடிஸ் ஏ எனப் பெயர் பெற்றதுமான நோயே அது என்று எல்லாரும் முதலில் முடிவு செய்தனர். ஆயினும் ஓர் ஐயம் உறுத்திக்கொண்டிருந்தது. ஏ வகை நம் நாட்டில் குழந்தைப் பருவத்திலேயே பெரும்பாலோரை வந்து தீண்டிச் செல்வது; ஒரு முறை வந்தவருக்கு மறுமுறை வராது. தில்லியிலோ பதினைந்து முதல் நாற்பது வயது வரை உள்ளவர்களே மிகுதியாக விழுந்தனர். சிறு குழந்தைகள் பெரிதும் தப்பினர்.

விடை கிடைக்கக் கால் நூற்றாண்டு ஆயிற்று. 1955-56இல் நோயாளிகளிடமிருந்து எடுத்த இரத்த மாதிரிகளில் சிலவற்றை ஆய்வுக்கூடத்தில் பாதுகாத்து வைத்திருந்தார்கள். எழுபதுகளில் ஏ வகையையும் பி வகையையும் இரத்தத்தில் கண்டறியும் சோதனைகள் வந்தன. பழைய மாதிரிகளை எடுத்துச் சோதித்தபோது இவ்விரண்டுமே அந்நோய்க்குக் காரணமல்ல என்று தெரிந்தது. இம்முடிவு 1980இல் வெளியாயிற்று. அதே ஆண்டில் காஷ்மீரத்தில் 1978இல் பரவிய காமாலையை ஆராய்ந்த டாக்டர் மொகம்மது சுல்தான் குரூவும் இதே முடிவை வெளியிட்டார். 1983இல் மிகைல் பலயான் என்ற சோவியத் விஞ்ஞானி, ஆப்கானிஸ்தானத்தில் காமாலை கண்ட வீரர்களின் மலத்திலிருந்து பிரித்தெடுத்த சாரத்தைத் தாமே விழுங்கி, நோயுற்று, தம் மலத்தில் வைரஸ் துகள்களை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டார். வியக்கத்தக்க துணிவுதான்; எனினும் எவருக்கும் பரிந்துரைக்கத்தக்க முறை அன்று. அந்த வைரஸுக்கு ஹெபடைடிஸ் இ என்று பெயர் வழங்கலாயிற்று. தில்லியில் நிகழ்ந்தது அதன் பெரும்பரவல்களில் ஒன்று என்று இன்று கொள்ளப்படுகிறது.

யமுனைக்கரையில் பரிகாரம் இத்தனை காலம் காத்திருக்கவில்லை. நோய்க்குப் பெயர் தெரியாவிட்டாலும் அது வந்த வழி தெரிந்திருந்தது. 1959இல் வஜீராபாதில் ஆற்றின் குறுக்கே அணை எழுந்தது. அணைக்கு மேலே நிற்கும் நீரிலிருந்து குடிநீர் எடுக்கப்படுகிறது. நஜஃப்கர் நாலா அணைக்குக் கீழே விழுகிறது. ஆறு எப்பக்கம் ஒதுங்கினாலும் இரண்டுக்கும் நடுவே கல்லும் இரும்பும் நிற்கின்றன. குளோரினை இன்னும் கொஞ்சம் கூட்டுவது என்ற எண்ணத்தோடு நின்றிராமல், சாக்கடையும் குடிநீரும் சந்திக்க முடியாத இடப்பிரிவினையைச் செய்தார்களே, நூறு பரிசோதனைக்கூடங்களைவிட இதனையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

அணை தடுத்தது தில்லிக்கு வரும் ஆபத்தை மட்டுமே. சாக்கடை ஆற்றில் விழுவதை அது தடுக்கவில்லை. அதற்குச் சட்டம் தேவைப்பட்டது. மத்திய அரசு 1962இல் ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. நீர் என்பது அரசியல் சட்டப்படி மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்ட பொருள். மாநிலங்கள் தீர்மானம் இயற்றிக் கேட்டுக்கொண்டால்தான் நாடாளுமன்றம் அதில் சட்டம் செய்யலாம். கடிதங்களும் கலந்தாலோசனைகளும் நடந்தன. 1969இல் மாநிலங்களவையில் மசோதா வந்தது. 1974 மார்ச்சில் நீர் மாசுத் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறிற்று. காமாலை ஆண்டுக்கும் சட்ட ஆண்டுக்கும் இடையே பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல். பன்னிரண்டு மாநிலங்களிலும் மத்திய ஆட்சிப் பகுதிகளிலும் அது முதலில் அமலுக்கு வந்தது. அப்பன்னிரண்டில் தமிழ்நாடு இல்லை. நம் மாநிலத்தின் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982இல்தான் அமைந்தது.

சட்டங்களை மொழிபெயர்ப்பதைத் தொழிலாகக் கொண்டவனுக்கு அவற்றின் வரையறைப் பிரிவுகளில் ஒரு தனிச் சுவை உண்டு. இச்சட்டத்தில் 'மாசு' என்பதற்குக் கொடுத்துள்ள விளக்கம், தீங்கு விளைவித்த கலப்பை மட்டும் குறிப்பதன்று. தீங்கு விளைவிக்கக்கூடிய கலப்பையும் குறிப்பது. அந்த ஒரு விகுதி மாற்றத்தில் தில்லியின் நாற்பது நாள் காத்திருப்பு அடங்கியிருக்கிறது. நோயாளியைக் கொண்டுவந்து நிறுத்தினால்தான் குற்றம் என்றிருந்தால், நவம்பரில் குற்றமே இல்லை என்றாகிவிடும். மற்றொரு வரையறையில், 'நீரோட்டம்' என்ற சொல் தற்காலிகமாக வற்றிக் கிடக்கும் நீர்வழியையும் உள்ளடக்குகிறது. வறண்ட ஆறு குப்பை கொட்டும் இடமன்று என்பதைச் சட்டம் எழுதியவர்கள் உணர்ந்திருந்தார்கள். சாகிபியின் கதையை அறிந்தவர்களுக்கு இவ்வரி வெறும் சம்பிரதாயமாகத் தோன்றாது.

சட்டத்தின் எழுத்துக்கு ஆற்றின் நடப்பு இன்னும் இணங்கி வரவில்லை. 1993இல் ஜப்பானியக் கடனுதவியுடன் யமுனைச் செயல்திட்டம் தொடங்கிற்று. சுத்திகரிப்பு நிலையங்கள் பல எழுந்தன. ஆயினும் வஜீராபாதுக்கும் ஓக்லாவுக்கும் இடையே உள்ள 22 கிலோமீட்டர், யமுனையின் முழு நீளத்தில் நூற்றில் இரண்டு பங்குகூட இல்லாத அத்துண்டு, ஆற்றின் மாசுச் சுமையில் ஏறத்தாழ முக்கால் பங்கைத் தருவதாக அதிகாரபூர்வ மதிப்பீடுகள் கூறிவந்துள்ளன. அதில் மிகப்பெரிய பங்கு பழைய நஜஃப்கர் நாலாவினுடையது.

இப்போது ஆபத்து மேற்புறத்திலிருந்தும் வருகிறது. ஆற்றில் நீர் வற்றும் குளிர்கால, கோடைக்கால மாதங்களில், ஹரியானாவின் தொழிற்சாலை நகரங்களிலிருந்து வரும் கழிவால் வஜீராபாதை அடையும் நீரில் அம்மோனியா மிகுந்துவிடுகிறது. அது அளவை மீறும்போது சந்திராவல், வஜீராபாத் நிலையங்கள் உற்பத்தியைக் குறைத்துக்கொள்கின்றன. குழாயில் நீர் வரவில்லையே, டாங்கர் லாரி எப்போது வரும் என்று நாம் வாளியோடு நிற்கும் நாள்களில் சில இக்காரணத்தால் நேர்பவையே. 2021 ஜனவரியில் இவ்வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. நிலையத்தை மூடுவது நமக்கு இடைஞ்சல்தான். ஆயினும் அம்மோனியா மிகுந்த நீரில் குளோரினைக் கொட்டிக் குழாயில் விட்டால் என்ன நேரும் என்பதை 1955 அறிந்தவர்கள் அந்த இடைஞ்சலைப் பொறுத்துக்கொள்வார்கள்.

பழைய கதை என்று இதனைத் தள்ளிவிட இயலாதபடி மற்றோர் ஊரில் இது அப்படியே திரும்ப நடந்தது. சிம்லா நகரின் ஒரு பகுதிக்கு அசுவனி கட் என்ற மலையோடையிலிருந்து குடிநீர் வந்தது. அந்த ஓடையின் மேற்புறத்தில் மல்யாணா என்ற இடத்தில் நகரின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் அமைந்திருந்தது. அங்கிருந்து சரியாகச் சுத்திகரிக்கப்படாத நீர் ஓடையில் கலந்தது. 2015 டிசம்பரிலும் 2016 ஜனவரியிலும், தில்லி நிகழ்ச்சிக்குச் சரியாக அறுபது ஆண்டுகள் கழித்து அதே மாதங்களில், சிம்லாவில் காமாலை பரவிற்று. ஆராய்ந்தபோது அகப்பட்டது அதே ஹெபடைடிஸ் இ. அவ்வோடையிலிருந்து நீரெடுப்பதை நிறுத்தினார்கள். வைரஸுக்குப் பெயர் தெரிந்திருந்தது. சோதனை முறைகள் தெரிந்திருந்தன. சட்டத்துக்கு நாற்பது வயது கடந்திருந்தது. கழிவு நிலையம் மேலேயும் குடிநீர் எடுக்குமிடம் கீழேயும் இருந்தன.

வேலையின் பொருட்டு ஊர்விட்டு ஊர் மாறும் நம்போன்றவர்கள் புதிய நகரில் வீடு பார்க்கும்போது பள்ளியையும் பஸ்ஸையும் காய்கறிக் கடையையும் விசாரிக்கிறோம். குழாயில் எத்தனை மணிக்கு நீர் வரும் என்றும் கேட்கிறோம். அது எந்த ஆற்றின் எந்த இடத்திலிருந்து வருகிறது, அவ்விடத்துக்கு மேலே எந்த ஊரின் சாக்கடை விழுகிறது என்று கேட்பவரை நான் கண்டதில்லை. பல ஆண்டுகள் நானும் கேட்டதில்லை. காமாலை பரவும் செய்தி வந்தால், அல்லது வெள்ளம் வடிந்த வாரங்களில், நீரைத் தளதளவெனக் கொதிக்கவைத்து ஆற்றிப் பருகுவது இந்த வைரஸுக்கு எதிராக வீட்டளவில் செய்யத்தக்க உறுதியான காப்பு. வீட்டில் கருவுற்ற பெண் இருந்தால் இதில் ஒரு நாளும் சோம்பக் கூடாது.

2018 நவம்பரில் திறக்கப்பட்ட கைப்பிடி வளைந்த வில் போன்ற புதிய பாலத்தின்மேல் வஜீராபாதைக் கடந்து செல்வோர் பலர் அதன் உயர்ந்த தூணை அண்ணாந்து பார்க்கிறார்கள். அதே இடத்தில் வடக்கே திரும்பினால் அணை தெரியும். நீர் குறைந்த மாதங்களில் அணைக்கு அப்பால் ஓரளவு தெளிந்த நீர் தேங்கி நிற்கும். இப்புறத்தில் நஜஃப்கர் நாலா கருத்த நீரைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருக்கும்.